யாரையும் நம்பாத போன்

2016-இல் அனுபிஸ் நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு இணையப் பெயர்களைத் தங்கள் பேரில் பதிவு செய்தார்கள். பொருள் எதுவும் இல்லாத, வாயில் நுழையாத எழுத்துக் கோவைகள். அதுவரை யாரும் வாங்காமல் கிடந்தவை. அந்த முகவரிகளில் ஒரு சர்வரை வைத்ததும் உலகின் பல பக்கங்களிலிருந்து போன்கள் வந்து கதவைத் தட்டத் தொடங்கின. புதிய மென்பொருள் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் ஒவ்வொன்றும் கேட்டது. கணக்கெடுத்தபோது 28 லட்சத்துக்கும் அதிகமான கருவிகள், ஏறக்குறைய 55 மாடல்கள்.

இது தொடங்கியது அமெரிக்கக் கடையொன்றில் வாங்கிய ஒரு மலிவு விலை ஆண்ட்ராய்டு போனில். அதற்குள் ராஜென்டெக் என்ற சீன நிறுவனம் எழுதிய அப்டேட் நிரல் ஒன்று இருந்தது. அப்டேட் கேட்டுப் போக வேண்டிய மூன்று முகவரிகள் அந்த நிரலிலேயே பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றுதான் பதிவு செய்யப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் யாருக்கும் சொந்தமில்லை. போனில் எதையும் செய்யத்தக்க ரூட் அதிகாரம் அந்த நிரலுக்கு இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலில் தன் பெயர் வராதபடி அது தன்னை மறைத்தும் கொண்டது. சர்வரோடு அது பேசியது மறையாக்கம் இல்லாத வெறும் இணைப்பில். அங்கிருந்து கட்டளை வந்தால், அனுப்பியது யார் என்று கேட்காமல் செய்து முடித்துவிடும்.

ஆய்வாளர்களுக்கு முன்னால் வேறு யாராவது அந்தப் பெயர்களை வாங்கியிருந்தால், 28 லட்சம் பேரின் பாக்கெட்டில் இருந்த போன்கள் அவர் சொன்னபடி ஆடியிருக்கும். பெயரை வாங்கக்கூட வேண்டியதில்லை. போன் இணைந்திருக்கும் அதே வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, சர்வர் போலப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

கம்பி இல்லாமல் காற்று வழியே வரும் மென்பொருளை ஒரு போன் எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை இந்தச் சம்பவத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஒழுங்காகக் கட்டிய போன் எதையும் நம்பாது. காற்றை நம்பாது, சர்வரை நம்பாது, பேட்டரியை நம்பாது. தன் நினைவகத்தில் நேற்று தானே எழுதியதைக்கூட இன்று மறுபடி சரிபார்க்காமல் ஏற்காது. இத்தனை சந்தேகமும் சேர்ந்துதான் நாம் இரவு படுக்கப் போகும்போது அலட்சியமாகத் தொட்டுவிட்டுப் போகும் 'இப்போது நிறுவு' பொத்தானைப் பாதுகாப்பானதாக ஆக்குகிறது.

காற்றில் வரும் பிழை, காற்றில் வரும் திருடன்

வானொலி அலையில் பிழை வருவது இயல்பு. சுவர் குறுக்கே நிற்கும். அடுத்த அறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும். மாடி வீட்டுக்காரரின் ரௌட்டர் அதே அலைவரிசையில் பேசும். 0 என்று அனுப்பியது 1 என்று வந்து சேரும். வைஃபை இதை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. அனுப்பும் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 32 பிட் நீளமுள்ள ஒரு சரிபார்ப்பு எண் ஒட்டியிருக்கும். பெறுபவர் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார். விடை பொருந்தாவிட்டால் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். பெற்றுக்கொண்டேன் என்ற பதில் வராததால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். கன்னாபின்னாவென்று சிதைந்த ஒரு துண்டு தற்செயலாக இந்தச் சோதனையைத் தாண்டிவிட ஏறக்குறைய 429 கோடியில் ஒரு வாய்ப்பு. அதற்கு மேல் அடுக்கில் இருக்கும் டிசிபி நெறிமுறை தன் பங்குக்கு 16 பிட் சோதனை ஒன்றை வைத்திருக்கிறது. ஆக, சிக்னல் இரண்டு கோடாக இருக்கிறதே, அப்டேட் பாதி கெட்டுப்போய் வந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். நேரம் ஆகும், அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் விபத்துக்கு எதிரானவை. கணக்குப் போடும் முறை எல்லோருக்கும் தெரியும். வேண்டுமென்றே கோப்பை மாற்றுகிறவன், மாற்றிய கோப்புக்கு ஏற்ற சரிபார்ப்பு எண்ணையும் தானே கணக்கிட்டு ஒட்டிவிடுவான். போனுக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்த படி ஹாஷ். எத்தனை பெரிய கோப்பாக இருந்தாலும் அதை 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கித் தரும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு முறையைத்தான் இன்றைய அப்டேட்கள் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. 2 ஜிபி கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால், விடையின் 256 பிட்களில் கிட்டத்தட்ட பாதி மாறிவிடும். ஒரே ஹாஷ் வரும்படி இரண்டு வேறு கோப்புகளை உருவாக்க இதுவரை யாராலும் முடியவில்லை. இது பெரிய பலம். ஆனாலும் இது மட்டும் போதாது. கோப்பை மாற்றுகிறவன் கூடவே வரும் ஹாஷையும் மாற்றிவிட்டால்?

அங்கேதான் டிஜிட்டல் கையொப்பம் வருகிறது. இப்படி ஒன்று சாத்தியம் என்று 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் எழுதினார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் செய்து காட்டினார்கள். தயாரிப்பாளரிடம் இரண்டு சாவிகள் இருக்கும். ஒன்று ரகசியம். மற்றொன்று போனுக்குள் வைத்தே விற்கப்படுவது, யாரும் பார்க்கலாம். கோப்பின் ஹாஷ் மீது ரகசியச் சாவியால் கையொப்பமிடுவார்கள். பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்க முடியும், புதிதாகப் போட முடியாது.

பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டு எந்த வண்டியில் வந்தது, வழியில் எங்கே நின்றது என்று தேர்வு அறையில் யாரும் விசாரிப்பதில்லை. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று மாணவர்கள் முன்னால் காட்டிவிட்டுத்தான் பிரிப்பார்கள். கையொப்பமிட்ட அப்டேட்டும் அப்படித்தான். டீக்கடை வைஃபையோ, பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டோ, கோப்பு எந்த வழியாக வந்தாலும் முத்திரையைப் பார்க்கும் இடம் போனுக்குள் இருக்கிறது. வழியில் மறையாக்கம் இருந்தால் நல்லது, இருக்கவும் வேண்டும். ஆனால் போலி உள்ளே நுழைவதைத் தடுக்கும் கடைசிக் கதவு கையொப்பம்தான்.

அந்தக் கதவையும் ஒருமுறை திறந்திருக்கிறார்கள். 2012-இல் வெளிச்சத்துக்கு வந்த ஃபிளேம் என்ற உளவு நிரல், விண்டோஸ் கணினிகளுக்குள் புகுந்த விதம் இன்றும் படிக்க வேண்டிய பாடம். ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அது அதே நெட்வொர்க்கில் இருந்த மற்ற கணினிகளுக்குத் தன்னை அப்டேட் சர்வராகக் காட்டிக்கொண்டது. அவை அப்டேட் கேட்டபோது தன்னையே அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டது போன்ற போலிச் சான்றிதழும் கூடவே இருந்தது. எப்படிக் கிடைத்தது? அந்தச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டில் ஒரு மூலையில் எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை இன்னும் புழக்கத்தில் இருந்தது. ஒரே ஹாஷ் தரும் இரண்டு கோப்புகளை அதில் உருவாக்க முடியும் என்று 2004-லேயே சீனக் கணிதவியலாளர் வாங் ஷியாவ்யுன் குழுவினர் காட்டிவிட்டார்கள். எட்டு ஆண்டுகளாக அந்த மூலையை யாரும் கூட்டிப் பெருக்கவில்லை. செய்தி வெளியான பிறகு, அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் மைக்ரோசாஃப்ட் சம்பந்தப்பட்ட சான்றிதழ்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. பூட்டு எத்தனை பலமானது என்பதைத் தீர்மானிப்பது அதில் மிச்சமிருக்கும் மிகப் பழைய பாகம்.

மாறியதை மட்டும் அனுப்புவது

முழு இயங்குதளம் சில ஜிபி இருக்கும். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டில் உண்மையில் மாறுவது அதில் கொஞ்சம்தான். கோடிக்கணக்கான போன்களுக்கு முழுவதையும் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண். அதனால் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறார்கள்.

சொல்வது எளிது. நிரல் கோப்பில் அதைச் செய்வது கடினம். நடுவில் 10 பைட் கூடினால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் 10 இடம் தள்ளிப்போகும். 'இன்ன முகவரிக்குத் தாவு' என்று நிரலுக்குள் எழுதியிருக்கும் எண்கள் ஆயிரக்கணக்கில் மாறும். ஒரே ஒரு வரியைத் திருத்திய நிரலாளருக்கு, கோப்பு முழுவதும் மாறிவிட்டதாகத் தெரியும். 2003-இல் காலின் பெர்சிவல் எழுதிய பிஎஸ்டிஃப் என்ற கருவி இந்த இடத்தில் ஓர் அழகான தந்திரம் செய்தது. அச்சு அசலாகப் பொருந்தும் பகுதிகளை மட்டும் தேடாமல், ஏறக்குறையப் பொருந்தும் பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பைட் பைட்டாகக் கழித்துப் பார்த்தது. பெரும்பாலான இடங்களில் விடை பூஜ்யம். முகவரிகள் மாறிய இடங்களில் ஒரே சிறிய எண் திரும்பத் திரும்ப. பூஜ்யங்கள் நிறைந்த, ஒரே எண் மறுபடி மறுபடி வரும் பட்டியலைச் சுருக்குவது கணினிக்கு மிக எளிது. ஆண்ட்ராய்டு அப்டேட்களுக்குள் இந்த முறை இன்றும் வேலை செய்கிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வித்தியாசத்தை எதன் மேல் போடுகிறோமோ அந்தப் பழைய நகல், தயாரிப்பாளர் கணக்கில் வைத்திருக்கும் நகலோடு பைட் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து வேறாக இருந்தாலும் விளைவது குப்பை. அதனால் ஆண்ட்ராய்டின் அப்டேட் கோப்பில் ஒவ்வொரு சிறு செயலுக்கும் பக்கத்தில், மூலப் பகுதியின் ஹாஷ் என்னவாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பொருந்தாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். எல்லாம் எழுதி முடித்த பிறகு, புதிய பகுதி முழுவதையும் திரும்பப் படித்து மறுபடி ஒரு ஹாஷ். ரூட் செய்து சிஸ்டம் கோப்புகளில் கைவைத்த போனில் அப்டேட் பாதியில் தோற்றுப்போவது இதனால்தான். தோற்பதே அங்கே சரியான நடத்தை.

எழுதும்போது பேட்டரி தீர்ந்தால்

மொபைல் சர்வீஸ் கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஒரு காலத்தில் 'அப்டேட் போட்டேன், போன் டெட் ஆகிவிட்டது' என்று வருபவர்கள் நிறைய. லோகோவில் நின்றுபோன போன், அணைந்து அணைந்து எரியும் போன். 'சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம்' என்று வாங்கி வைத்துக்கொண்டு, கேபிளில் மாட்டி ஃபிளாஷ் அடித்துத் தருவார்கள். படமும் தொடர்பு எண்களும் பல நேரம் போய்விடும்.

அன்றைய முறை அப்படி. போன் அணைந்து, ரிகவரி என்ற சிறிய தனி இயங்குதளத்தில் எழும். பச்சை ரோபோ பொம்மை வயிறு திறந்து நிற்கும் படம் திரையில் வரும். அந்த நேரத்தில் இருக்கும் ஒரே சிஸ்டத்தின் மேலேயே புதியது எழுதப்படும். ஃபிளாஷ் நினைவகத்தில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் ஒரு பெரிய பகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். அழித்த பின், எழுதும் முன், மின்சாரம் நின்றால் அங்கே பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இதைத் தாங்க ரிகவரிக்குள் சில ஏற்பாடுகள் இருந்தன. எங்கே நிறுத்தினோம் என்று குறித்து வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடரப் பார்க்கும். இருந்தாலும் பத்து இருபது நிமிடம் போன் பயன்படாது, பயமும் போகாது.

2016-இல் ஆண்ட்ராய்டு 7 உடனும் முதல் பிக்சல் போனுடனும் வந்த மாற்றத்தை இந்தத் துறையின் ஆகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். கூகுளின் குரோம் ஓஎஸ் மடிக்கணினிகளில் ஏற்கெனவே ஓடிய யோசனை அது. சிஸ்டத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடங்கள். நீங்கள் ஏ-யில் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாட்டு கேட்கும்போதும் பேசும்போதும், பின்னணியில் பி-யில் புதியது மெல்ல எழுதப்படுகிறது. பேட்டரி தீர்ந்தாலும் கெடுவது பி மட்டும். அதில் யாரும் ஓடவில்லையே. சார்ஜ் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எல்லாம் முடிந்து சரிபார்த்த பிறகு, 'அடுத்த முறை பி-யில் எழு' என்ற சிறிய குறிப்பு மாற்றப்படும். நீங்கள் காத்திருக்க வேண்டியது ஒரு ரீஸ்டார்ட் நேரம்.

இன்னும் ஒரு படி போவோம். பி-யில் எழுந்தது உண்மையில் நன்றாக வேலை செய்கிறதா? போனை எழுப்பும் நிரலான பூட்லோடர் ஒவ்வோர் இடத்துக்கும் சில தகவல்களை வைத்திருக்கிறது: இதில் எழலாமா, இன்னும் எத்தனை முறை முயலலாம், ஏற்கெனவே ஒருமுறை வெற்றிகரமாக எழுந்ததா. புதிய சிஸ்டம் முழுதாக எழுந்து, தன் மேல் எழுதப்பட்ட பகுதிகளைப் படித்துச் சரிபார்த்த பிறகே 'வெற்றி' என்று குறிக்கும். அதற்குள் தடுமாறி விழுந்தால் முயற்சி எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறையும். தீர்ந்துவிட்டால் பூட்லோடர் சத்தமில்லாமல் பழைய ஏ-யில் எழுப்பிவிடும். காலையில் போனை எடுப்பவருக்கு இரவு நடந்தது எதுவும் தெரியாது. அப்டேட் ஆகவில்லை என்ற ஓர் அறிவிப்பு மட்டும் இருக்கும்.

இதற்கு விலை இடம். ஒரே சிஸ்டத்துக்கு இரண்டு இருப்பிடம் என்றால் சில ஜிபி கூடுதல். 16 ஜிபி போனில் அது பெரிய இழப்பு. 2020-இல் ஆண்ட்ராய்டு 11 கொண்டுவந்த மாற்றத்தில் இரண்டாம் நகல் நிரந்தரமாக வைக்கப்படுவதில்லை. மாறும் பகுதிகள் மட்டும் தனியே எழுதப்படுகின்றன. புதிய சிஸ்டம் எழும்போது பழைய பகுதிகளும் மாறிய பகுதிகளும் சேர்ந்து ஒன்றே போலத் தெரியும். எழுந்து வெற்றி என்று குறித்த பிறகுதான் இரண்டும் நிரந்தரமாக இணைக்கப்படும். இணைப்பு நடக்கும்போது மின்சாரம் போனால் தொடரலாம், ஆனால் தொடங்கிய பின் பழையதற்குத் திரும்ப வழியில்லை. எல்லா நிறுவனங்களும் இதற்கு உடனே மாறவில்லை. சாம்சங் இந்த வகை அப்டேட்டை முதலில் தந்தது 2024-இல் வந்த கேலக்ஸி ஏ55-இல்தான்.

நான்கு கேபி நான்கு கேபியாக

எழுதும்போது சரியாக இருந்தது நாளைக்கும் சரியாக இருக்கும் என்று போன் நம்பாது என்றேன். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? 2 ஜிபி சிஸ்டத்தை ஒவ்வொரு முறை எழும்போதும் முழுக்கப் படித்து ஹாஷ் போட்டால் போன் எழவே நேரமாகும். ரால்ஃப் மெர்க்கில் 1979-இல் காப்புரிமை கேட்ட ஒரு யோசனை கைகொடுக்கிறது.

சிஸ்டத்தை 4 கேபி துண்டுகளாக வெட்டுங்கள். 2 ஜிபிக்கு 5,24,288 துண்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 32 பைட் ஹாஷ். ஒரு 4 கேபி துண்டுக்குள் 128 ஹாஷ்கள் அடங்கும். ஆக, எல்லா ஹாஷ்களையும் அடுக்க 4,096 துண்டுகள் போதும். அந்த 4,096 துண்டுகளுக்கும் ஹாஷ் போட்டால் அவை 32 துண்டுகளில் அடங்கும். அந்த 32-க்கும் போட்டால் ஒரே துண்டு. அதன் ஹாஷ் ஒரே எண், 32 பைட். தயாரிப்பாளர் கையொப்பமிடுவது இந்த உச்சி எண்ணின் மேல்தான்.

இப்போது போன் ஏதோ ஒரு துண்டைப் படிக்க வேண்டுமென்றால், அதன் ஹாஷ், அதற்கு மேல் அடுக்கின் ஹாஷ் என்று உச்சி வரை நான்கைந்து கணக்குகள் போட்டால் போதும். ஐந்து லட்சம் துண்டுகளில் எங்காவது ஒரு பிட் மாறியிருந்தால், அந்தத் துண்டைத் தொடும் கணத்திலேயே தெரிந்துவிடும். மாற்றியது வைரஸா, தேய்ந்துபோன நினைவகமா என்பது பற்றிக் கவலையில்லை, படிக்க மறுத்துவிடும். ஆண்ட்ராய்டில் 2013 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2016-இல் இருந்து கட்டாயமாக அமலாகிறது.

உச்சி எண்ணைச் சரிபார்க்கும் நிரலை யார் சரிபார்ப்பது? அதற்கு முந்தைய நிரல். அதை? அதற்கும் முந்தையது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி சிப் தயாரிக்கும்போதே சிலிக்கானில் பதித்த, எந்த அப்டேட்டாலும் மாற்ற முடியாத சிறு நிரல். எந்தச் சாவியை ஏற்க வேண்டும் என்பது, ஒருமுறை எரித்தால் திரும்பாத நுண் உருகிகளில் எழுதியிருக்கும்.

பழைய அசல்

திருடனுக்கு இன்னும் ஒரு வழி மிச்சம். போலியை உருவாக்க முடியாது, சரி. மூன்று ஆண்டுகளுக்கு முன் தயாரிப்பாளரே கையொப்பமிட்டு வெளியிட்ட பழைய பதிப்பை எடுத்துக் கொடுத்தால்? கையொப்பம் அசல். ஹாஷ் சரி. ஆனால் அதற்குள் இருக்கும் ஓட்டைகள் இன்று ஊரறிந்தவை.

ஆண்ட்ராய்டில் 2017 முதல் ஒவ்வொரு பதிப்போடும் ஒரு பின்னோட்டத் தடை எண் வரலாம். போன் தான் கண்ட மிகப் பெரிய எண்ணை, யாரும் குறைத்து எழுத முடியாத காவலுள்ள சேமிப்பிடத்தில் வைத்துக்கொள்ளும். அதைவிடச் சிறிய எண்ணோடு வரும் பதிப்பை எழுப்பாது. 2022-இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6 வரிசைப் போன்கள் ஏற்றிய பின் 12-க்குத் திரும்ப முடியாமல் போனதற்கு இதுபோன்ற ஒரு தடையே காரணம். பழைய பூட்லோடரில் ஓர் ஓட்டை இருந்தது. ஆப்பிள் வேறு பாதையில் போகிறது. ஐபோன் ஒவ்வொரு முறை அப்டேட் ஏற்றும்போதும் தன் தனி எண்ணையும், அந்தக் கணத்தில் உருவாக்கிய ஓர் எண்ணையும் ஆப்பிள் சர்வருக்கு அனுப்பி அனுமதி கேட்கும். அனுமதி அந்தப் போனுக்கு மட்டும், அந்த முறைக்கு மட்டும். இன்னொரு போனுக்கோ இன்னொரு நாளுக்கோ உதவாது. பழைய பதிப்புக்கு அனுமதி தருவதை ஆப்பிள் நிறுத்திவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது.

சொந்தப் போனில் எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது என்ற உரிமை இதனால் குறைகிறது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொலைந்துபோன போனைக் கையில் வைத்திருக்கும் திருடனுக்கும் அதே உரிமை போய்ச் சேரும் என்பதால் நான் தடையின் பக்கம்.

சாவி யார் கையில்

கையொப்பம் யார் அனுப்பியது என்று சொல்லும். அனுப்பியதில் பிழை இல்லை என்று சொல்லாது. 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 8.0.1-ஐ வெளியிட்டது. அப்போதுதான் வந்திருந்த ஐபோன் 6, 6 பிளஸ் வைத்திருந்தவர்கள் ஏற்றியதும் செல்போன் சிக்னலே போய்விட்டது. விரல் ரேகையும் வேலை செய்யவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பாதிக்கப்பட்டவை 40,000-க்கும் குறைவு என்று நிறுவனம் சொன்னது. மறுநாள் 8.0.2 வந்தது. நண்பருக்கு அப்டேட் வந்துவிட்டது, எனக்கு வரவில்லையே என்று பலர் குறைப்படுவதுண்டு. ஆண்ட்ராய்டில் அது திட்டமிட்ட தாமதம். முதலில் நூற்றில் ஒரு போனுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, ஓரிரு நாள் பிழை அறிக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வட்டத்துக்குப் போவார்கள்.

அனுப்பியவர் நல்லவரா என்பதையும் கையொப்பம் சொல்லாது. ராஜென்டெக் செய்தி வந்த அதே 2016 நவம்பரில், ஷாங்காயின் அடப்ஸ் என்ற நிறுவனம் மலிவுப் போன்களுக்குத் தந்த அப்டேட் நிரல், குறுஞ்செய்திகளை அப்படியே எடுத்து 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை கிரிப்டோவையர் நிறுவனம் கண்டுபிடித்தது. அப்டேட் செய்யும் உரிமம் பெற்றவரே ஒற்றன். அதே ஆண்டு டிசம்பரில் இந்த அதிகாரத்தின் இன்னொரு முகமும் தெரிந்தது. தீப்பிடிக்கும் அபாயம் இருந்த கேலக்ஸி நோட் 7-ஐத் திருப்பித் தராதவர்களின் போன்களுக்கு, சார்ஜே ஏறாமல் செய்யும் அப்டேட்டை சாம்சங் அமெரிக்காவில் அனுப்பியது. உயிர் காக்கும் நோக்கம்தான். ஆனாலும் வேறொரு ஊரில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் கையிலுள்ள பொருளை நிறுத்திவிட முடியும் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

சாவியே களவு போனால்? 2022-இன் இறுதியில் கூகுளின் பாதுகாப்புக் குழு, சில ஆண்ட்ராய்டு நிறுவனங்களின் சிஸ்டம் செயலிகளுக்குக் கையொப்பமிடும் சாவிகளால் தீய செயலிகளும் கையொப்பமிடப்பட்டிருந்ததை வெளியிட்டது. இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து ஜஸ்டின் காப்போஸும் அவரது சக ஆய்வாளர்களும் 2010-லேயே ஒரு திட்டம் எழுதினார்கள். ஒரே சாவியை நம்பாதே, பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் செல்லும் என்று வை, முக்கியமான சாவியை இணையத்தோடு இணையாத இடத்தில் பூட்டு. அவர்கள் கவனித்த இன்னொரு தாக்குதல் எனக்கு இன்னும் கவலை தருவது: எதையும் மாற்றாமல், புதிய அப்டேட் இருக்கிறது என்ற செய்தியை மட்டும் உங்களுக்கு வராமல் தடுத்துக்கொண்டே இருப்பது. போன் தான் புதிதாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் நல்ல அமைப்பில் 'இதுதான் புதியது' என்ற செய்திக்கும் காலாவதித் தேதி உண்டு.

இத்தனை காவலையும் தாண்ட முடியாதவர்கள் மனிதரைப் பிடிக்கிறார்கள். நம் ஊரில் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராத ரசீது என்றும் வரும் ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புகள் அந்த வகை. 'உங்கள் பிரௌசர் பழசாகிவிட்டது, இங்கே அழுத்துங்கள்' என்று இணையப் பக்கத்தில் துள்ளி வரும் பெட்டியும் அதே வகை. போனின் சிஸ்டம் அப்டேட் ஒருபோதும் இணையப் பக்கம் வழியாகவோ குறுஞ்செய்தி இணைப்பாகவோ வராது. அமைப்புகளுக்குள் நீங்களே போய்ப் பார்ப்பதுதான் வழி. ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

பாதுகாப்பான வழியில் வாங்கத் தெரிந்த போனுக்கு, அனுப்புவதற்கு ஆள் வேண்டும். 2015-இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியானபோது, ஒரு எம்எம்எஸ் செய்தியாலேயே போனுக்குள் நுழையலாம் என்று தெரிந்து உலகம் அதிர்ந்தது. அதன் பிறகே கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. திருத்தம் எழுதினாலும் அது போன் நிறுவனத்தின் கையைத் தாண்டித்தான் உங்களிடம் வர வேண்டும். பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் உறுதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதள அப்டேட் தர வேண்டும் என்பது விதி. விலை குறைந்த போன்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. அதன் பிறகும் அந்தப் போன் கையொப்பத்தைப் பார்க்கும், 4 கேபி துண்டுகளைச் சோதிக்கும். ஆனால் அது காவல் காப்பது ஓட்டைகள் தெரிந்துபோன ஒரு பழைய சிஸ்டத்தை.

இதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய இடம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'ஃபோனைப் பற்றி' பகுதிக்குள் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒரு தேதி இருக்கும். அது பெரும்பாலும் மாதத்தின் 1 அல்லது 5. 1 என்றால் அந்த மாத அறிக்கையில் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிகளுக்குச் சொன்ன திருத்தங்கள் வந்துவிட்டன. 5 என்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் சிப் நிறுவனங்களின் நிரல்களுக்கும் உரியவையும் சேர்ந்துவிட்டன. செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போகிறவர்கள் கேமராவையும் பேட்டரியையும் பார்த்த பிறகு இந்த வரியையும் பாருங்கள். தேதி ஒரு வருடத்துக்கு முந்தையதாக இருந்து, 'அப்டேட்டைத் தேடு' என்று அழுத்தியும் எதுவும் வரவில்லை என்றால், அந்தப் போனில் வங்கிச் செயலியை வைக்காதீர்கள்.